உள்ளங்கைச் சீனி

என் உத்தியோக காலத்தில் நான் குடித்த தேத்தண்ணியை எல்லாம் ஒன்றாக ஊற்றினால் கண்டிக் குளத்தின் நிறமே மாறியிருக்கும். அதில் முக்கால்வாசி வாயில் வைக்க முடியாதது. சீனிக்குப் பதில் உப்புப் போட்டது, தூளே போடாமல் வெந்நீரை மட்டும் ஊற்றியது, பாலை மூன்று தரம் ஊற்றிவிட்டு நாலாம் தரம் பால் எங்கே என்று தேடியது. ஒரு முறை சட்டி கழுவும் தூளில் ஒன்று போட்டுத் தந்தார்கள். அதை மட்டும் மணந்து பார்த்ததோடு விட்டுவிட்டேன். மற்றதையெல்லாம் குடித்தேன். குடிப்பது என் வேலை.

கண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில், அவசர வாட்டுகளுக்குப் பொறுப்பான மூத்த தொழில்வழிச் சிகிச்சையாளராக இருந்தேன். பெயரைக் கேட்டதும் சனம் நினைப்பது வேறு. கம்பளையிலிருந்து வந்த ஒருவர், தன் தம்பிக்கு ஒரு தொழில் எடுத்துத் தரும்படி, அவனுடைய சான்றிதழ்களோடு என் அறை வாசலில் ஒரு காலை முழுவதும் காத்திருந்தார். அவருக்கு விளங்கப்படுத்திய விதத்தையே பிறகு எல்லாருக்கும் சொல்லத் தொடங்கினேன். உயிரைக் காப்பாற்றுவது டொக்டர். எழுப்பி நடக்க வைப்பது பிசியோ. நடந்து வீட்டுக்குப் போய் அங்கே என்ன செய்யப் போகிறார் என்று பார்ப்பது நான். பல் தீட்டுவது, பொத்தான் போடுவது, மலசலகூடத்தில் குந்தி எழும்புவது, அடுப்பை மூட்டுவது, மூட்டியதை மறக்காமல் அணைப்பது. அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சான்றிதழ்களை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அவசர வாட்டில் கட்டில் எப்போதும் போதாது. ஒருவர் எழும்பி மலசலகூடத்துக்குப் போய்விட்டு வருவதற்குள் அவருடைய கட்டிலில் வேறு யாராவது படுத்திருப்பார்கள். அதனால் பெரிய டொக்டர்மார் என்னிடம் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். வீட்டுக்கு விடலாமா? ஓம் அல்லது இல்லை. நடுவில் நின்று இழுத்தால் அவர்களுக்குப் பிடிக்காது. எனக்கும் இழுக்கப் பிடிக்காது. கோபம் மூக்கு நுனியில் இருக்கிறவள், சட்டென்று ஒரு பதில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன்.

அந்தப் பதிலைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு ஒரு குசினி தந்திருந்தார்கள். எங்கள் பகுதியின் மூலையில், ஜன்னலோரம் இரட்டை வாய்க் காஸ் அடுப்பு ஒன்று, ஒரு கேத்தல், ஒரு அலுமாரி, இரண்டு கதிரை. நோயாளி அங்கே வந்து ஒரு தேத்தண்ணி போட வேண்டும். நான் பக்கத்தில் நின்று படிவம் நிரப்புவேன். தேத்தண்ணி போடுவது சின்ன விடயம் மாதிரித் தெரியும். தலைக்குள் இரத்தம் அடைத்த ஒருவருக்கு அதைப் போல ஒரு சோதனை இல்லை. எது முதல், எது பிறகு, எது சுடும், எது எதற்குள் போக வேண்டும் என்று எல்லாம் அதில் வந்துவிடும்.

படிவத்தில் பதினெட்டுக் கட்டங்கள். ஒரு ஆங்கிலப் புத்தகத்திலிருந்து எடுத்து, நானே இருந்து தமிழாக்கி, பாண் வாட்டுகிற டோஸ்டர் மெசினைப் பற்றி இருந்த கட்டத்தை வெட்டி எறிந்து, எங்கள் நாட்டுக்கு ஏற்றதாக ஆக்கிவிட்டேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். எனக்குக் கீழே வேலை செய்த பிள்ளைகள் அதை என் முதுகுக்குப் பின்னால் ‘மிஸ்ஸின் வேதம்’ என்று சொல்வது எனக்குத் தெரியும். தெரியாதது போல இருந்தேன். உள்ளுக்குள் நல்ல சந்தோசம்.

வேதத்துக்கு விலக்கும் உண்டு. அக்குறணையில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி, இலேசான பாரிசவாதம் வந்து எங்களிடம் இருந்தார். குசினிக்குக் கூட்டிக்கொண்டு வந்து தேத்தண்ணி போடச் சொன்னால் மனிதர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். “தங்கச்சி, நான் பொறந்ததுக்கு குசினிப் பக்கம் போனதில்ல. எங்கட வாப்பாவும் போனதில்ல. இப்ப மட்டும் ஏன்?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, வாசலால் போன சிற்றூழியரைக் கூப்பிட்டு, கன்டீனில் மூன்று பிளேன்டீ எடுத்து வரச் சொன்னார். தனக்கு இஞ்சி போட்டு, எடுத்து வருகிறவருக்கு அவர் விருப்பப்படி, எனக்குச் சீனி குறைத்து. ஏன் எனக்கு மட்டும் குறைத்து என்று கேட்டேன். என் உடம்பை ஒரு தரம் பார்த்துவிட்டு, நல்லதுக்குத்தான் என்றார்.

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தது. படிவத்தின் குறுக்கே ‘தேத்தண்ணி பெறும் திறன்: பூரணம்’ என்று எழுதினேன். பிறகு அலுமாரியில் இருந்த துணித் துண்டுகளைக் கொடுத்து, அளந்து மடிக்கச் சொல்லி அவருடைய கையையும் மூளையையும் பார்த்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனார். அவர் வாயைத் திறந்து தன் வழக்கத்தைச் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன். அவ்வளவு சுலபமாக அது நடந்தது.

அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் அந்த அம்மா வந்தார். புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டம். அறுபதைத் தாண்டியவர், நாற்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். ஒரு விடியற்காலை வாசலில் விழுந்திருக்கிறார். மூளையில் சின்ன அடைப்புத்தான். ஐந்தாம் நாளே வலது கை திரும்பி வரத் தொடங்கிவிட்டது, காலில் மட்டும் ஒரு இழுவை. பேச்சுக் குறைவாக இருந்தது. அது நோயால் வந்த குறைவா, பிறவியிலேயே பேச்சுக் குறைவா என்று சொல்ல அவரை முன்பே தெரிந்தவர்கள் யாரும் வாட்டில் இல்லை.

புருசன் போய் நாலு வருடம். தனியாக இருக்கிறார். ஒரே மகன் கொழும்பில் துணிக்கடையில் வேலை, மருமகளும் வேலைக்குப் போகிறவள். ஞாயிற்றுக்கிழமை மகன் வந்து, அம்மாவின் காலைப் பிடித்துவிட்டபடியே, இனி அம்மா என்னோடுதான் என்று வாட்டு முழுக்கக் கேட்கச் சொன்னான். அம்மா போர்வையைக் காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். திங்கட்கிழமை நான் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துக்கொண்டிருந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

“மிஸ், என்னைய கொழும்புக்கு மட்டும் அனுப்பிறாதீங்க. பதினோரு நாளு இருந்துட்டு வந்துருக்கேன். போதுங்க.”

ஏன், மருமகள் சரியில்லையா என்று கேட்டேன். தங்கமான பிள்ளை என்றார். மகன்? அவனும் தங்கம்தான். அப்படியென்றால் என்ன என்று கேட்டதற்கு, போதுங்க என்று மறுபடியும் சொல்லிவிட்டு விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய டொக்டர் சிங்களவர், நல்ல மனிதர். அவருக்குத் தெரிந்த தமிழ் ‘நோவு இருக்கா’, ‘நாக்கை நீட்டுங்க’ இரண்டும்தான். அந்த இரண்டை வைத்துக்கொண்டு இருபது வருடம் சமாளித்தவர். மற்றதெல்லாம் என் வாயால்தான் அவருக்குப் போகும். அவர் முடிவு எளிது. இந்த அம்மா தனியாகச் சமாளிப்பார் என்று நான் எழுதினால் புசல்லாவைக்கு. இல்லை என்று எழுதினால் மகனோடு கொழும்புக்கு. மகன் வியாழக்கிழமை வாடகை வான் ஒன்றோடு வருவதாகச் சொல்லியிருந்தான். செவ்வாய்க்கிழமை அவரைக் குசினிக்கு அழைத்து வந்தேன்.

வந்ததும் வராததுமாகத் தேயிலை டின்னைத் திறந்து மணந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார். இது என்னங்க மிஸ் என்று கேட்டார். தேயிலை எண்டுதான் வாங்கினது அம்மா என்றேன். “வித்தவன் அப்பிடித்தான் சொல்லியிருப்பான்” என்று சொல்லிவிட்டு மூடியை மெதுவாகப் போட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொருட்களை அடையாளம் காண்கிறார் என்ற கட்டத்தில் சரி போட்டேன்.

விறகு அடுப்புக்காரர். காஸ் அடுப்பை எப்படித் திருப்புவது என்று ஒரு தரம் கேட்டார், அவ்வளவுதான். தண்ணீரை அளந்து வைத்தார். கொதித்ததும் அணைத்தார். அணைத்துவிட்டுத் திருகியை இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தார். கிளாஸ் இரண்டையும் சுடுநீர் விட்டு அலசினார். ஆம், இரண்டு. எனக்கும் சேர்த்துத்தான் போட்டார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. மற்றதெல்லாம் சரி, சரி, சரி என்று வரிசையாக இறங்கிக்கொண்டே போனது.

பிறகு சீனிப் போத்தலைத் திறந்தார். ஒரு கரண்டி நிறைய அள்ளினார். கரண்டி கிளாசுக்கு மேலே வந்தது, நிற்காமல் அதைக் கடந்து போனது. அவ்வளவு சீனியையும் தன் இடது உள்ளங்கையில் கொட்டினார்.

என் பேனை நின்றுவிட்டது. இதில் எனக்கு ஒரு பழைய பயம் உண்டு. முன்பு ஒரு பாடசாலை அதிபர் எங்களிடம் இருந்தார். நன்றாகப் பேசுவார், தேதி கிழமை எல்லாம் சொல்வார். ஒரு நாள் காலையில் தேக்கரண்டியால் மிகக் கவனமாகத் தலை சீவிக்கொண்டிருந்தார். பொருளைக் கண்டால் தெரியும், பெயரும் சொல்ல வரும், ஆனால் அதை வைத்து என்ன செய்வது என்பது மூளையிலிருந்து அழிந்து போயிருக்கும். அப்படிப்பட்ட ஒருவரைத் தனி வீட்டில் நெருப்போடு விட முடியாது. என் புத்தி நேராக அந்தக் கரண்டிக்கு ஓடியது.

பேனையை வைத்துவிட்டு, அந்த அம்மாவின் கையைப் பிடித்தேன். கிளாசுக்கு மேலே கொண்டுவந்து கவிழ்த்தேன். ஒட்டியிருந்ததையும் தட்டிவிட்டேன். கரண்டியால் நானே கலக்கினேன். “சீனி இதுக்குள்ள போடோணும் அம்மா” என்று, குழந்தைக்குச் சொல்வது மாதிரிச் சொன்னேன்.

அவர் தன் வெறும் கையைப் பார்த்தார். கிளாசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சரிங்க மிஸ் என்றார். இரண்டு மிடறு குடித்துவிட்டுக் கீழே வைத்தார். எனக்குப் போட்டதை நான் குடித்தேன். அந்தக் குசினியில் அதுவரை யாரும் போடாத திறமான தேத்தண்ணி. அந்தத் தூளிலா இது என்று ஆச்சரியப்பட்டேன். ஆச்சரியப்பட்டுக்கொண்டே, ‘சீனியைக் கையில் கொட்டினார். பிழையை உணரவில்லை. திருத்தினால் ஏற்கிறார். தனியாக இருப்பது ஆபத்து’ என்று டொக்டருக்குப் போகும் தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

புதன் காலை பெரிய டொக்டர் கட்டில் கட்டிலாக வந்தார். என் தாளை வாசித்தார். கையிலா என்று கேட்டுவிட்டு ஒரு கணம் என்னைப் பார்த்தார். ஓம், கையில்தான் என்று அடித்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, மகனோடு அனுப்பச் சொல்லி எழுதினார். அதைத் தமிழில் சொல்ல வேண்டியது நான். சொன்னேன். அந்த அம்மா அதற்கும் சரிங்க மிஸ் என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மத்தியானச் சோற்றுத் தட்டு அப்படியே திரும்பிப் போனது. மகனுக்குப் போன் எடுத்துச் சொன்னபோது, நீங்க நல்லா இருக்கணும் மிஸ் என்றான். எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

அன்று பின்னேரம் மூன்று மணிக்கு, கொழும்பில் அம்மாவை எப்படிக் கவனிப்பது என்று நான் எழுதிய அறிவுரைத் தாளோடு வாட்டுக்குப் போனேன். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. நீக்கிப் பார்த்தேன். வாட்டில் வேலை செய்த சிற்றூழியர் அம்மா, கம்பளைப் பக்கத்துச் சிங்களப் பெண், கட்டிலோரத்தில் குந்தியிருந்தார். கட்டிலில் உட்காரக் கூடாது என்பது சட்டம். மத்தியானம் சாப்பிடாத மனிசிக்கு ஒரு வாய் தேத்தண்ணியாவது போகட்டும் என்று தன்னுடைய போத்தலைக் கொண்டுவந்திருக்கிறார். இருவருக்கும் பொதுவாக இருபது சொல் இருந்தால் அதிகம். அந்த இருபதை வைத்துக்கொண்டு இருவரும் ஏதோ ஊர்வம்பு கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

என்னைக் கண்டதும் சிற்றூழியர் திடுக்கிட்டார். நர்ஸ் நோனா இல்லை, நான்தான் என்று தெரிந்ததும் ஒரு மூடியில் எனக்கும் தேத்தண்ணி ஊற்றி நீட்டினார். பிறகு, சீனிப் பொட்டலத்திலிருந்து ஒரு கரண்டி அள்ளி, மிஸ்ஸுக்கும்தானே என்று கேட்டார்.

நான் தாளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு இடது கையை நீட்டினேன்.

உள்ளங்கையில் சீனி விழுந்தது. நாக்கால் ஒரு தொடல், தேத்தண்ணியில் ஒரு மிடறு. மறுபடி ஒரு தொடல், ஒரு மிடறு. நல்ல சாயம். மூன்றாம் தரம் கையை வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் தலையைத் தூக்கினேன். அந்த அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது உள்ளங்கையிலும் சீனி இருந்தது.

என் முகத்தில் ஈயாடவில்லை. அந்தத் திரைக்குள் எங்கே ஒளிவது? தெரியாத ஒரு வழக்கத்தில் பிழை விட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாவது இருந்திருக்கும். எங்கள் அப்பா யாழ்ப்பாணத்தில் ஆயுள் முழுவதும் பனங்கட்டியைக் கடித்துத்தான் தேத்தண்ணி குடித்தார். சீனிக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் அம்மா எங்கள் ஐந்து பேரையும் வரிசையில் இருத்தி, ஆளுக்கொரு அரைக் கரண்டியாக உள்ளங்கையில் போட்டுவிடுவா. தேத்தண்ணிக்குள் போட்டால் காணாது, கையில் வைத்து நக்கினால் கடைசி மிடறு வரை இனிக்கும். கண்டி, கம்பளை, மாத்தளை என்று இந்த நாட்டில் பாதிச் சனம் அப்படித்தான் குடிக்கிறது. இதைப் பிழை என்று எழுத, டிப்ளோமா முடித்து, பதினெட்டுக் கட்டம் அடித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்ட ஒருத்தியால்தான் முடியும். என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அதில் இன்னும் சீனி இருந்தது.

சிற்றூழியரை அனுப்பிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். சட்டம் கிடக்கட்டும். ஏன் அம்மா அண்டைக்கே சொல்லேல்லை, இப்பிடித்தான் நான் குடிக்கிறனான் எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். குரலில் கோபம் இருந்தது. யார் மேல் என்று எனக்கே விளங்கவில்லை.

“நீங்க எழுதிக்கிட்டு இருந்தீங்களே மிஸ்” என்றார். அதுவே போதும் என்று அவர் நினைத்தார் போல. நான் விளங்காமல் பார்த்ததால் இன்னும் கொஞ்சம் சொன்னார். “தோட்டத்துல கொழுந்த நிறுத்து எழுதுறவுக எழுதினா எழுதினதுதாங்க. நடுவுல நாங்க பேசுறதில்ல.”

அக்குறணை முதலாளி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. அவருக்கு நான் படிவத்தை ஓரமாக வைத்தேன். இந்த அம்மாவுக்கு வாயைத் திறக்கக்கூட இடம் வைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா என்றேன். அவருக்கு அதைக் கேட்கவே கூச்சம். பரவால்லீங்க, ஒங்க டீ ஆறுது மிஸ் என்றார்.

மறுபடி அவரைக் குசினிக்குக் கூட்டிப் போனேன். இந்த முறை படிவமும் இல்லை, பேனையும் இல்லை. கதிரையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். எனக்கு அது பெரிய பயிற்சி. தேத்தண்ணி போட்டார், காஸை அணைத்தார். நான் வேண்டுமென்றே தரையில் கொட்டிய தண்ணீரைக் காலால் சுற்றிப் போய், துணி எடுத்துத் துடைத்தார். ஒரு முட்டை அவித்தார். நடுவில் கதை கொடுத்துக் குழப்பிப் பார்த்தேன், முட்டையை மறக்கவில்லை. நீங்கதாங்க அடுப்ப மறக்குறீங்க என்று, நான் ஏற்றிவிட்டு விட்டிருந்த மற்ற அடுப்பையும் அணைத்தார். அதுவும் நான் வேண்டுமென்று செய்ததுதான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

பிறகு பெரிய டொக்டரைத் தேடிப் போனேன். கிளினிக்கில் இருந்தார். கதவை மூடிவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அவருடைய அம்மாவும் மாத்தளையில் இன்றைக்கும் உள்ளங்கையில்தான் வைத்துக் குடிக்கிறாவாம். என் தாளை வாசித்தபோது அம்மாவின் ஞாபகம் வந்ததாம். எனக்குச் சுருக்கென்று ஏறியது. பிறகேன் கேட்கவில்லை என்று சீறினேன். கேட்டேன்தானே, நீ ஓம் என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னாயே என்றார்.  பழைய தாளின் குறுக்கே கோடு இழுத்து, ‘என் பிழை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். கையெழுத்து வழக்கத்தை விடச் சின்னதாக வந்தது. புதிய தாளில் வீட்டுக்கு விடலாம் என்று எழுதினேன். அவர் அதை ஏற்றுக்கொண்டு, மகனிடம் நீயே பேசிக்கொள் என்றார். கஷ்டமான பாகம் எப்போதும் எனக்குத்தான் வரும்.

வியாழன் பத்து மணிக்கு மகன் வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், மடிப்புக் கலையாத சட்டை. அம்மாவுக்குப் புதிதாக ஒரு சேலையும் செருப்பும் வாங்கி வந்திருந்தான். வான் கீழே நிற்கிறது என்றான். நான் விடயத்தைச் சொன்னேன். சீனியை, கையை, என் பிழையை, எதையும் மறைக்காமல் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

“மிஸ், நேத்து முடியாதுன்னீங்க. இன்னைக்கி முடியும்ங்கிறீங்க. நாளைக்கி அம்மா விழுந்து கெடந்தா என்ன சொல்லுவீங்க?”

நியாயமான கேள்வி. அவன் அம்மா விடிய விழுந்து பத்து மணி வரை வாசலில் கிடந்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் யாரோ கண்டிருக்கிறார்கள். அந்த ஐந்து மணித்தியாலம் அவனுடைய நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது. என்னுடைய முதல் தாள் அதைக் கொஞ்சம் இறக்கி வைத்தது, இரண்டாவது தாள் மறுபடி தூக்கி வைத்துவிட்டது. என்னென்னவோ சொல்ல வாய் எடுத்தேன். விழவே மாட்டார் என்று என்னால் சொல்ல முடியாது. யாராலும் முடியாது.

அதனால் என் வாழ்க்கையில் அபூர்வமாகச் செய்கிற ஒன்றைச் செய்தேன். என்னட்டைக் கேக்காதீங்கோ தம்பி, அம்மாட்டைக் கேளுங்கோ என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த தாள்களைப் பக்கத்துக் கட்டிலில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

அவன் தயங்கினான். அம்மாவிடம் அதுவரை இதைக் கேள்வியாகக் கேட்டதே இல்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. கட்டிலில் உட்கார்ந்து, தனியா இருந்துருவியாம்மா என்று கேட்டான்.

அந்த அம்மா என் கைகளை ஒரு தரம் பார்த்தார். வெறும் கை. பிறகு பேசினார். அந்தப் பத்து நாளில் அவர் பேசியதெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியாயிற்றாம். நேற்று சிற்றூழியரின் போனை வாங்கிப் பேசினாராம். இனி தினமும் காலை ஆறு மணிக்கு அவள் கதவைத் தட்டுவாள். திறக்காவிட்டால் புருசனைக் கூப்பிட்டுக் கதவை உடைப்பாள், உடனே மகனுக்குப் போன் எடுப்பாள். அவளுடைய மகள் பின்னேரம் வந்து பார்ப்பாள். கோயிலடியில் இருக்கும் தங்கச்சி ராவைக்குத் துணை படுப்பாள், ஒரு மாசத்துக்கு. அதற்குப் பிறகு பார்ப்போம்.

“அங்க ஏழு மணிக்கு ரெண்டு பேரும் போயிருறீங்க. என்னைய உள்ள வச்சு வெளியால பூட்டிட்டுப் போறீங்க. அங்க விழுந்தா யாருப்பா தட்டுவா?”

 மகனின் கை தன்பாட்டில் சாவி கிடந்த சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. “பாதுகாப்புக்குத்தானேம்மா” என்றான். அவனுக்கே அது கேட்கவில்லை.

பூட்டு விடயம் எனக்கு அதுவரை தெரியாது. பதினோரு நாள் என்று அவர் சொன்னபோது ஏன் என்று ஒரு தரம் கேட்டுவிட்டு விரல்களை மடக்கப் போய்விட்டேன். 

மகன் அம்மாவின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான்.  பிறகு, வாட்டுக்குக் கேட்காத குரலில், “பயமா இருக்கும்மா” என்றான்.

“எனக்கும்தாம்ப்பா” என்றார் அந்த அம்மா. “நான் என் வீட்டுல இருந்து பயந்துக்கிறேன்.”

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினான். ஜன்னலோரம் போய் வான் சாரதிக்குப் போன் எடுத்து, புசல்லாவைக்குப் போக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டான்.